கழுவி அனுப்பிய கைப்பிடி

புதுக்கோட்டை,
12-8-1946

அத்தான் அவர்களுக்கு,

பிரகதாம்பாள் எழுதுகிறேன். இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. தபால்காரர்களின் வேலைநிறுத்தம் ஒருவழியாக முடிந்துவிட்டது. இனிமேல் கடிதம் வந்து சேரவில்லை என்று சாக்குச் சொல்ல நம் இரண்டு பேருக்குமே வழியில்லை.

இத்துடன் ஒரு பார்சல் வரும். அதில் பெரியதாக இருப்பது, சித்திரையில் அண்ணன் பட்டணத்துக்கு வந்து உங்களிடம் படம் வரைந்து காட்டிய ஜாடியின் கைப்பிடி. பார்த்தால் ஒன்று போலத் தெரியும். இரண்டு மண் உருளைகளைச் சேர்த்து ஒட்டிச் செய்தது. ஜெகதாப்பட்டினத்து ஷேக் பரீது பாயின் வலையில் சிக்கிக் கடலுக்குள்ளிருந்து வந்தது. கூடவே இரண்டு பொட்டலம் களிமண் இருக்கும். ஒன்று வல்லத்திராக்கோட்டைக் கண்மாய், இன்னொன்று அரிமளத்துக் கண்மாய். நம் பக்கத்துப் பானை செய்யும் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அண்ணன் வைத்திருக்கிறது.

இது கிரேக்க தேசத்திலிருந்து மது ஏற்றி வந்த ஜாடி என்று அண்ணன் பள்ளிக்கூட மலரில் எழுதியது. போன வருஷம் புதுச்சேரிப் பக்கம் தோண்டியபோது இதே மாதிரி கிடைத்ததாம். பள்ளிக்கூட மானேஜர் கூப்பிட்டு, "ராசு வாத்தியாரே, நெசந்தானா? ருசு வேணும்" என்றிருக்கிறார். அதற்கு அண்ணன் என்ன சொன்னது தெரியுமா? "எங்க மாப்பிள்ளை கண்ணுசாமி பட்டணத்துல ரசாயனக்கூடத்துல இருக்காரு. அவரு பாத்துச் சொன்னா எனக்குச் சம்மதம்."

சித்திரையில் நீங்கள் அண்ணனைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர் முன்னால், "ஊர்ப் பானைக்கு கிரீஸ் பட்டம் கட்டுறீங்களே மச்சான்" என்றீர்கள். அண்ணன் படத்தைச் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டது. நான் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அதே ரயிலில் ஏறினேன். அப்படியிருந்தும் அண்ணன் உங்களைத்தான் நம்புகிறது. எனக்குத்தான் அந்த நம்பிக்கை வரவில்லை.

சாமான் அழுக்காக வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து எதுவும் அழுக்காக வெளியே போகாது.

பிரகதாம்பாள்


சென்னை,
29-8-1946

பிரகதாம்பாளுக்கு,

பார்சல் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. பதினைந்து நாள் ஆபீஸ் வேலை முடிந்த பிறகு இருந்து பார்த்தேன். மூன்று முறை நிறுத்தேன். மூன்று முறையும் ஒரே கணக்குத்தான்.

கிரேக்கப் பக்கத்துக் களிமண்ணில் சுண்ணாம்பு அதிகம் என்று புத்தகங்களில் இருக்கிறது. நூற்றுக்கு எட்டிலிருந்து பத்து வரை. கைப்பிடியை உடைக்க மனம் வராமல், மேலே சுரண்டித் தூள் எடுத்தேன். அந்தத் தூளில் சுண்ணாம்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. வல்லத்திராக்கோட்டை மண்ணில் ஒன்றரை. அரிமளத்து மண்ணிலும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே கைப்பிடி உள்ளூர் மண்ணால் ஆனது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மானேஜர் எங்கள் ஆபீசுக்கே எழுதிக் கேட்டிருந்தார். முறைப்படி அவருக்கு நேரே பதில் அனுப்பிவிட்டேன்.

மச்சான் மனம் வருந்துவார். எனக்குத் தெரியும். ஆனால் மனம் வருந்துகிறது என்பதற்காக எண்ணை மாற்ற முடியாது.

ஒரு விஷயம். ரேஷன் கார்டில் இன்னும் இரண்டு பேர் என்றுதான் இருக்கிறது. உன் பங்கு அரிசியைப் போடுவதா வேண்டாமா என்று கடைக்காரர் வாராவாரம் கேட்கிறார். என்ன சொல்ல?

கண்ணுசாமி


புதுக்கோட்டை,
1-9-1946

அத்தான் அவர்களுக்கு,

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். சிரித்தது போதாதென்று கையெழுத்தும் போட்டு மானேஜருக்கு அனுப்பிவிட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை முதலில் எழுதினால் ஆபீஸ் முறை கெட்டுவிடுமா?

வெள்ளிக்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில், பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் மானேஜர் உங்கள் காகிதத்தை வாசித்தார். பள்ளிக்கூட மலரில் பொய் எழுதி ஊரை ஏமாற்றியதற்காக வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது என்று அண்ணனுக்கு நோட்டீஸ். சரஸ்வதி பூஜை லீவு விடுவதற்கு முன்னால், முப்பதாம் தேதி, கமிட்டி முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பதினேழு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷன். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. அழகி அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஷேக் பரீது பாயையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். "இந்தக் கைப்பிடியை எந்தச் சந்தையிலய்யா வாங்குனே?" என்று ஒருவர் கேட்டாராம். அவர், "கடல்ல கெடச்சதைக் கடல்ல கெடச்சதுன்னுதாங்க சொல்ல முடியும். இதுக்குப் பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போவுது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனுஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

உங்களுக்கு அண்ணன் மேல் என்ன கோபம்? என் மேல் இருந்தால் அதை என் மேல் காட்டுங்கள்.

கடைக்காரரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பிரகதாம்பாள்


சென்னை,
5-9-1946

பிரகதாம்பாளுக்கு,

வேலைக்கே ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ பள்ளிக்கூடச் சண்டை, நான்கு நாளில் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தராசுக்கு மச்சான் மாப்பிள்ளை தெரியாது. கோபத்தில் எழுதினேன் என்று நீ நினைத்தால் அது தவறு. நான் வேறொரு காரணத்தையும் பார்த்தேன். மச்சான் மேல் பழி கூடும் என்று அதைக் காகிதத்தில் எழுதாமல் விட்டேன். கடலுக்கடியில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் கிடந்த பொருள் என்கிறீர்கள். அப்படியானால் மேலெல்லாம் சிப்பியும் வெள்ளைக் காரையும் அப்பியிருக்க வேண்டும். இந்தக் கைப்பிடியில் ஒரு பொட்டு சிப்பி இல்லை. தேய்த்து வைத்த குத்துவிளக்கு மாதிரி வந்திருக்கிறது. கடலையே பார்க்காத பொருளைக் கடலில் கிடைத்தது என்று ஷேக் பரீது சொல்லியிருக்கிறார், மச்சான் வெள்ளை மனசில் நம்பியிருக்கிறார். நான் புரிந்துகொண்டது இதுதான்.

சில ராத்திரிகளில் தூக்கம் வரவில்லை. கைப்பிடியின் மேல்தோல் ஊசியால் குத்தியது போலப் பொரிபொரியாக இருக்கிறது. அது ஏன் என்று விளங்கவில்லை. எண் சரிதான். இருந்தாலும் எதுவோ ஒன்று சரியில்லை.

நீ பதில் எழுது. திட்டியாவது எழுது.

கண்ணுசாமி


புதுக்கோட்டை,
17-9-1946

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இங்கே நல்ல மழை. அண்ணிக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலை. அண்ணன் பள்ளிக்கூடம் போகிறது, வருகிறது. பிள்ளைகள் சிலேட்டில் ஜாடிப் படம் போட்டு வைக்கிறார்களாம். அழித்துவிட்டுப் பாடம் நடத்துகிறதாம். மளிகைக்கடைப் பிச்சைமுத்துகூட, "ஒங்க அண்ணன் பானைக்கு என்ன ரேட்டு ஆத்தா?" என்று கேட்கிறான்.

நேற்று கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தவள் குடத்தை இறக்கி வைக்க மறந்து இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றேனாம். அண்ணி சொன்னது. எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இங்கே பக்கத்து வீட்டில் ஒருவர் கேட்டார். மண் சாமானைப் புளித்தண்ணீரில் போட்டால் அதற்கு ஏதாவது ஆகுமா? உங்களுக்கு நேரம் இருந்தால் எழுதுங்கள். அவசரம் இல்லை.

கொஞ்சம் அவசரம்தான்.

பிரகதாம்பாள்


சென்னை,
19-9-1946

பிரகதா,

பக்கத்து வீட்டில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். எத்தனை நாள் ஊற வைத்தாய்?

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொரிபொரியான மேல்தோலைப் பார்த்தேன். பத்து வருஷமாக இதே வேலை செய்கிறவனுக்கு அப்போதுதான் உறைத்தது. புளியில் இருக்கும் புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும். சுண்ணாம்பு உள்ள பொருளில் புளிப்புப் பட்டால் நுரைக்கும். கிளிஞ்சலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பார், கண்ணுக்குத் தெரியும். மேலே ஒட்டியிருந்த சிப்பி கரைந்து போயிருக்கும். நாள் அதிகமாக ஆக, மண்ணின் மேல்தோலில் இருந்த சுண்ணாம்பும் போயிருக்கும். நான் சுரண்டி எடுத்தது அந்த மேல்தோலைத்தான். நீ கழுவிவிட்டதில் மிச்சம் எவ்வளவு என்று மூன்று முறை நிறுத்திருக்கிறேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "எங்கள் வீட்டிலிருந்து எதுவும் அழுக்காக வெளியே போகாது" என்று முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய். அதைக் குத்தல் பேச்சு என்று தாண்டிவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. கைப்பிடியை உடைக்க மனம் வரவில்லை என்று எழுதினேன் அல்லவா? அது பாதி உண்மை. முதல் தூளிலேயே நான் எதிர்பார்த்த எண் வந்துவிட்டது. மச்சான் தோற்றால் நான் சிரித்தது சரியாகிவிடும். அதனால் உள்ளே பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் போயிற்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கே கைப்பிடியின் நடுவிலிருந்து ஒரு சில்லு அறுத்து எடுக்கப்போகிறேன். உடைந்தால் உடையட்டும்.

நடந்ததை ஒன்று விடாமல் எழுது.

கண்ணுசாமி


புதுக்கோட்டை,
21-9-1946

அத்தான் அவர்களுக்கு,

மூன்று நாள் ஊற வைத்தேன்.

ஷேக் பரீது பாய் கொண்டுவந்து கொடுத்தபோது அது சிப்பியும் காரையுமாகச் சொறி பிடித்தது போல இருந்தது. அண்ணன் அப்படியே கட்டி அனுப்பச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. உங்கள் ஆபீசில் எல்லோரும் சூழ்ந்து நின்று பிரிப்பார்கள், இது என்ன குப்பை என்று இன்னொரு தடவை சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, பின்கட்டில் சட்டியில் போட்டு மூடி வைத்தேன். தண்ணீர் நுரைத்தது. அழுக்குப் போகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு தடவை புளியை மாற்றினேன். மூன்றாம் நாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சிப்பி இல்லை என்ற உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது, அத்தான். அதற்குப் பிறகும் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், நான் பக்கத்தில் தட்டை வைப்பேன். இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். வந்ததை விழுங்கிவிடுவேன். உங்களைத் திட்டி எழுதினேனே, அதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எனக்குத்தான்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனிடம் சொல்லப்போகிறேன்.

பிரகதாம்பாள்


சென்னை,
24-9-1946

பிரகதா,

சில்லை அறுத்தேன். கைப்பிடி இரண்டாக உடைந்தது. நல்லதாகப் போயிற்று. உள்ளே நிறமே வேறு, வெளிர் மஞ்சள். நடுவிலிருந்து எடுத்த தூளில் சுண்ணாம்பு நூற்றுக்கு ஒன்பது.

சில்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கருமணல் தெரிகிறது. எரிமலை இருக்கும் தேசத்து மணல். நீங்கள் அனுப்பிய இரண்டு கண்மாய் மண்ணிலும் அது ஒரு துளி இல்லை. பிற்பகல் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மச்சான் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

கிரீஸ்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்கு அந்த ஊர் மண் என் மேசைக்கு வர வேண்டும். நம் பக்கத்து மண் இல்லை என்று சத்தியம் செய்வேன். முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மானேஜருக்கு இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். எங்கள் அதிகாரியிடமும் சொன்னேன். அவர், இனி வெளியிலிருந்து வரும் வேலை எதையும் என்னிடம் கொடுப்பதில்லை என்றார். நியாயம்தான்.

மச்சான் என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே. முப்பதாம் தேதி வரை எனக்கு இருப்புக் கொள்ளாது.

கண்ணுசாமி


புதுக்கோட்டை,
2-10-1946

அத்தான் அவர்களுக்கு,

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எழுதவில்லை. அன்று ராத்திரி நான் சொல்லி முடித்தவுடன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டது. அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அண்ணியிடம்தான் கேட்கும்.

உங்கள் புது அறிக்கையால் காரியம் ஆகவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். முப்பதாம் தேதி கமிட்டியில் மானேஜர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மொதக் காயிதத்தை நான் ஏன் நம்புனேன்? சொந்த மச்சானுக்கு எதிராவே எழுதுறாரே, நேர்மையான ஆளுன்னு நம்புனேன். இப்ப சம்சாரம் அழுதிருக்கும், மாத்தி எழுதிட்டாரு. இதை நான் எப்படிங்க நம்புறது?" என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் அண்ணியோடு வாசலில் நின்றிருந்தேன். கூப்பிடாமலே உள்ளே போனேன். "காயிதத்தை நம்ப வேணாங்க, கண்ணை நம்புங்க" என்றேன். கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். கூடையில் வேறொரு சாமானும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டேனே! இருபத்தாறாம் தேதி நானும் அண்ணியும் பஸ் பிடித்து ஜெகதாப்பட்டினம் போனோம். ஷேக் பரீது பாய் வீட்டில் அந்த ஜாடியின் அடிப்பாகம் இருக்கிறது. அவர் சம்சாரம் நூர்நிஷா அதை மண்ணில் பதித்து, குழிவாக இருக்கும் பக்கத்தில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தது. "இதையா கேக்குறீங்க? கோழி எச்சமா இருக்கு, கழுவித் தாரேன் இருங்க" என்று எழுந்தது பாருங்கள்! நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை பயந்தே போய்விட்டது.

அதைத்தான் மானேஜர் மேசைமேல் வைத்தேன். சிப்பி அப்பிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையின் உடைந்த ஓட்டையும் பக்கத்தில் வைத்தேன். பானை ஓட்டைப் பொடித்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஜாடியிலிருந்து ஒரு துண்டை உடைத்து, சிப்பி படாத நடுப்பகுதியைப் பொடித்துப் பிழிந்தேன். சோடா மாதிரி பொங்கியது. மானேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மேல ஒட்டுன சிப்பித்தூளா இருக்கும்" என்றார். "நீங்களே ஒடைச்சு, நீங்களே பிழிஞ்சு பாருங்க" என்று இன்னொரு துண்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் கையிலும் பொங்கியது.

"அப்ப அந்தக் கைப்பிடி?" என்று கேட்டார்.

"அது நான் பண்ணுன கூத்துங்க. எங்க அண்ணனுக்குத் தெரியாது, கடல்ல எடுத்தவருக்கும் தெரியாது. மூணு நாள் புளித்தண்ணியில ஊறப்போட்டுத் தேச்சேன்" என்றேன். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். சித்திரையில் அண்ணன் எப்படி நின்றிருக்கும் என்று எனக்கு அப்போது முழுதாகத் தெரிந்தது. நான் தலையைக் குனியவில்லை. ஆனால் முட்டிக்கொண்டு அழுகை வந்தது.

நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஷேக் பரீது பாயிடம் மானேஜரே கடிதம் எழுதி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டது. அன்று அது வாய் திறந்து பேசியது அந்த ஒன்றுதான். மானேஜர் ஒப்புக்கொண்டார்.

நாளை மறுநாள் ராத்திரி ரயிலுக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை எழும்பூர் ஸ்டேஷனுக்கு வாருங்கள். வருவதற்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்க வேண்டும். அறிக்கை இல்லை, கடிதம். சிரித்ததற்கு. போடாமல் வந்து நின்றீர்களானால் நான் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன், விளையாட்டு இல்லை. போட்டிருந்தால் ரேஷன் கடைக்காரரிடம் இரண்டு பேர் என்று சொல்லலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். அண்ணன் வந்து நின்றது. கையில் அந்த ஜாடி அடிப்பாகத்தின் பெரிய துண்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தது. சிப்பி, மண், கோழி எச்சம் எல்லாம் அப்படியே இருந்தது. என் சேலைகளை ஒதுக்கி நடுவில் வைத்தது. வாசல் வரை போய்விட்டுத் திரும்பியது. பத்து நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு இதுதான், அத்தான்:

"கழுவிப்புடாதே, ஆத்தா."

பிரகதாம்பாள்